கடைக்கு எந்த மின் ஒப்பந்தம்? பிரித்தானியாவில் விலைகளை ஒப்பிடும் முறை

பிரித்தானியாவில் வீட்டுக்கும் கடைக்கும் ஒரே வீதிக் கம்பியிலிருந்துதான் கறண்ட் வருகிறது. ஆனால் விதிகள் வேறு. வீட்டு மின்சாரத்துக்கு, மின், காஸ் கட்டுப்பாட்டு அமைப்பான ஒஃப்ஜெம் வைத்திருக்கும் விலை உச்சவரம்பு கடைக்குக் கிடையாது. மனம் மாறினால் 14 நாளுக்குள் விலகலாம் என்ற உரிமையும் கிடையாது. தொலைபேசியில் "ஓம், சரி" என்று சொன்னால் போதும், பதிவான அந்தக் குரலே கையொப்பம். ஈஸ்ற் ஹாமிலோ ரூற்றிங்கிலோ ஹரோவிலோ கடை நடத்துகிறவர் பின்னேரம் கல்லாவில் சனம் நிற்கும் நேரத்தில் எடுக்கும் ஒரு அழைப்பு, மூன்று வருடச் செலவைத் தீர்மானித்துவிடலாம்.

அழைக்கிறவர் சொல்வது எப்போதும் ஒரே ஒரு எண்: யூனிற்றுக்கு இத்தனை பென்ஸ். எங்கள் கருத்தில் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண் அதுதான். அந்த விலைக்குள் எது அடங்குகிறது, எது பிறகு வந்து சேரும், ஒப்பந்தம் முடியும் நாளில் என்ன நடக்கும் என்ற மூன்றும் தெரியாமல் பென்ஸை ஒப்பிட்டுப் பயனில்லை.

இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்துக்கு. வட அயர்லாந்தின் மின்சந்தையும் கட்டுப்பாட்டு அமைப்பும் வேறு. கீழே வரும் விலைகள் கணக்கைக் காட்டுவதற்கான உதாரணங்கள் மட்டும். சந்தை விலை நாளுக்கு நாள் மாறும்.

விலை கேட்பதற்கு முன்

முதலில் வேண்டியது ஆண்டுப் பாவனை, யூனிற்றில். யூனிற் என்றால் ஒரு கிலோவாற் மணி. பவுணில் எவ்வளவு கட்டினீர்கள் என்பது இங்கே உதவாது. கடைசி 12 மாதப் பில்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள வாசிப்பு உண்மையானதா மதிப்பீடா என்று பாருங்கள். நான்கு பில்லில் மூன்று மதிப்பீடு என்றால் அந்த ஆண்டுக் கணக்கை நம்ப முடியாது. முதல் நாள் மீற்றரைப் படம் எடுத்து, நான்கு வாரம் கழித்து இன்னொரு படம் எடுத்தால் அதைவிட நல்ல தகவல் கிடைக்கும். ஆனால் சில்லர்கள் ஓடும் கடையில் ஜூலை மாதத்தையும் ஜனவரியையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. குளிரூட்டிகள் கோடையில்தான் கூட இழுக்கும்.

புதிதாக எடுத்த கடை என்றால் முன்னிருந்தவரின் பாவனையை அப்படியே கொடுக்க வேண்டாம். துணிக்கடை இருந்த இடத்தில் மீனும் இறைச்சியும் விற்கப் போகிறீர்கள் என்றால் மின்சாரம் பல மடங்காகும்.

அடுத்தது எம்பான் (MPAN) இலக்கம். பில்லில் பெரிய 'எஸ்' எழுத்துக்குப் பக்கத்தில் பெட்டிக்குள் இருக்கும். கீழ் வரியின் 13 இலக்கங்கள்தான் உங்கள் இணைப்பின் அடையாளம். அதன் முதல் இரண்டு இலக்கம் எந்த விநியோக வலையமைப்பு என்று சொல்லும்: 12 என்றால் இலண்டன், 10 கிழக்கு இங்கிலாந்து, 19 தென்கிழக்கு. மேல் வரி 03 என்று தொடங்கினால் ஒரே விலை மீற்றர், 04 என்றால் பகல், இரவு இரண்டு விலை, 00 என்றால் அரைமணிக்கு ஒரு தடவை பாவனையைப் பதியும் அரைமணி மீற்றர். எல்லா இணைப்புகளின் கணக்கையும் அரைமணி முறைக்கு மாற்றும் வேலை 2025 இலையுதிர்காலத்தில் தொடங்கிவிட்டதால், புதிய பில்களில் இந்த மேல் வரி வேறு மாதிரி இருக்கலாம்.

பிறகு மீற்றரின் தொடர் இலக்கத்தைப் பில்லோடு ஒத்துப் பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை. கடைக்கு மேலே பிளற் உள்ள கட்டடங்களில் இரண்டு மீற்றர்களும் ஒரே அலுமாரிக்குள் இருக்கும். கணக்குகள் மாறிக் கிடப்பது அபூர்வம் இல்லை. சந்தேகம் என்றால் கடையின் பிரதான சுவிற்சை ஒரு நிமிடம் அணைத்து, எந்த மீற்றரின் துடிக்கும் விளக்கு நிற்கிறது என்று பார்த்தால் போதும். தவறான எம்பானில் ஒப்பந்தம் போட்டால் மேல் வீட்டுக்காரரின் இணைப்பைத்தான் நீங்கள் மாற்றியிருப்பீர்கள். அதைத் திருத்த மாதக்கணக்கில் கடிதம் எழுத வேண்டி வரும்.

கட்டட உரிமையாளர் தன் மீற்றரிலிருந்து உப மீற்றர் வைத்துத் தருகிறார் என்றால் இந்த ஒப்பீடு உங்களுக்கு இல்லை. உங்களுக்கென்று எம்பான் இல்லாதவரை கம்பனி மாற்ற முடியாது. வீட்டுப் பாவனைக்கு மறுவிற்பனை செய்யும் மின்சாரத்துக்கு ஒஃப்ஜெம் உச்ச விலை வைத்திருக்கிறது. கடைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, அதனால் யூனிற் விலையை லீஸிலேயே எழுதி வாங்க வேண்டும்.

மூன்று விலை, ஒரு கடை

ஆண்டுக்கு 40,000 யூனிற் எரிக்கும் பலசரக்குக் கடை ஒன்றை எடுப்போம். கையில் மூன்று விலை இருக்கிறது. ஸ்ராண்டிங் சார்ஜ் என்பது எரித்தாலும் எரிக்காவிட்டாலும் கட்டும் நாட்கட்டணம்; ஃபிக்ஸ்ட், பாஸ் த்ரூ என்ன என்று பிறகு பார்ப்போம்.

அ: யூனிற் 24.9 பென்ஸ், ஸ்ராண்டிங் சார்ஜ் நாளுக்கு 60 பென்ஸ், முழுக்க ஃபிக்ஸ்ட்.
ஆ: யூனிற் 23.6 பென்ஸ், நாளுக்கு 165 பென்ஸ், முழுக்க ஃபிக்ஸ்ட்.
இ: யூனிற் 22.9 பென்ஸ், நாளுக்கு 95 பென்ஸ், பாஸ் த்ரூ.

அ ஒப்பந்தத்தில் யூனிற்றுக்கு 9,960 பவுண், நாட்கட்டணம் 219, மொத்தம் 10,179. ஆ ஒப்பந்தத்தில் 9,440 உம் 602 உம் சேர்த்து 10,042. யூனிற்றில் 1.3 பென்ஸ் மலிவு என்று விற்றது வருடத்துக்கு 137 பவுண்தான் மிச்சம் தருகிறது. ஆண்டுக்கு 12,000 யூனிற் எரிக்கும் முடிதிருத்தகம் ஒன்று அதே இரண்டையும் ஒப்பிட்டால் கதை தலைகீழ்: அ 3,207 பவுண், ஆ 3,434. பென்ஸில் மலிவானது பவுணில் 227 கூட. இரண்டும் சமமாகும் இடம் ஏறத்தாழ 29,500 யூனிற். அதற்குக் கீழே எரிக்கிறவர் நாட்கட்டணம் குறைந்ததை எடுக்க வேண்டும், மேலே எரிக்கிறவர் யூனிற் விலை குறைந்ததை.

ஸ்ராண்டிங் சார்ஜ் இப்படிக் கடைக்குக் கடை வித்தியாசப்படுவதற்குக் கம்பனியின் பேராசை மட்டும் காரணமில்லை. 2022 ஏப்ரலில் விநியோக வலையமைப்பின் கட்டணத்தில் ஒரு பகுதியும், 2023 ஏப்ரலில் உயர் அழுத்தக் கடத்தல் வலையமைப்பின் கட்டணத்தில் ஒரு பகுதியும் யூனிற்றிலிருந்து நாட்கணக்குக்கு மாற்றப்பட்டன. சிறிய கடைகளை அப்போது ஆண்டுப் பாவனைப்படி நான்கு பட்டைகளாகப் பிரித்தார்கள்: 3,571 யூனிற் வரை முதலாவது, 12,553 வரை இரண்டாவது, 25,279 வரை மூன்றாவது, அதற்கு மேல் எல்லாம் நான்காவது. 26,000 எரிக்கிறவரும் 90,000 எரிக்கிறவரும் ஒரே பட்டை. பழைய பாவனையை வைத்து உங்கள் இணைப்புக்கு ஒரு பட்டை ஒதுக்கப்பட்டிருக்கும்; நீங்கள் இந்த வருடம் எல்.ஈ.டி விளக்கு மாட்டியதற்காக அது உடனே இறங்காது.

சில கம்பனிகள் இந்தச் செலவை நாட்கட்டணமாகவே காட்டும். சில அதை யூனிற்றுக்குள் கரைத்து 'குறைந்த ஸ்ராண்டிங் சார்ஜ்' என்று விளம்பரம் செய்யும். ஆகவே ஒப்பிடும்போது எழுத வேண்டியது ஒரே ஒரு தொகை: உங்கள் ஆண்டு யூனிற்றை விலையால் பெருக்கி, நாட்கட்டணத்தை 365 ஆல் பெருக்கிக் கூட்டிய பவுண்.

ஃபிக்ஸ்ட் என்ற சொல்லுக்குள்

இனி இ. அதன் தொகை 9,507 பவுண், மூன்றிலும் குறைவு. மின் ஒப்பந்தம் பிடித்துத் தரும் இடைத்தரகரான புரோக்கர் காட்டும் தாளில் முதலிடத்தில் இதுதான் நிற்கும். ஆனால் பாஸ் த்ரூ என்றால், மின்சாரத்தின் மொத்தச் சந்தை விலை மட்டும் நிலையாக நிற்கும், மற்றவை ஏறினால் உங்கள் பில்லும் ஏறும். அந்த மற்றவை சின்னத் தொகை இல்லை. வலையமைப்புக் கட்டணங்கள், காற்றாலை, சூரிய மின் திட்டங்களுக்கான அறவீடுகள், நெருக்கடி நேரத்துக்கு மின் நிலையங்களைத் தயாராக வைத்திருக்கும் செலவு எல்லாம் சேர்ந்து பில்லின் பாதிக்கு அருகில் வரும்.

கணக்கு இப்படி. அந்தக் கட்டணங்கள் யூனிற்றுக்கு 1 பென்ஸ் ஏறினால் இ 9,907 பவுண் ஆகிறது, இன்னும் மலிவு. 1.34 பென்ஸ் ஏறினால் ஆ ஒப்பந்தத்துக்குச் சமம். 2 பென்ஸ் ஏறினால் 10,307, மூன்றிலும் கூட. ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும் கட்டணத்தை வைத்து மூன்று வருடத்துக்குச் செய்யும் பந்தயம் இது. சில நேரம் பந்தயம் வெல்லும்: 2022-இல் மொத்தச் சந்தை விலை உச்சத்தில் நின்றபோது, அரசு உத்தரவாத விலையில் இருந்த காற்றாலைகள் கூடுதலாக வந்த பணத்தைத் திருப்பிக் கட்டின. அந்தக் குறைப்பு பாஸ் த்ரூ வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்தது. ஆனால் அதைக் கண்காணிக்கக் கணக்காளர் ஒருவர் இருக்கிற தொழிற்சாலைக்கு அது சரி. காலை ஐந்து மணிக்குக் கடை திறந்து இரவு பதினொன்றுக்குப் பூட்டுகிறவருக்கு அது வேண்டாத வேலை.

முழுக்க ஃபிக்ஸ்ட் என்று எழுதியதிலும் ஓட்டை உண்டு. நிபந்தனைகளில் 'சட்டத்தால் வரும் புதிய கட்டணங்களைச் சேர்க்கும் உரிமை' என்ற பிரிவைத் தேடுங்கள். சைஸ்வெல் சி அணுமின் நிலையத்துக்கான அறவீடு 2025 இறுதியில் புதிதாகச் சேர்ந்தது. இந்தப் பிரிவு உள்ள ஒப்பந்தத்தில் அப்படியான அறவீடு தனி வரியாக வந்து உட்காரலாம். கம்பனியிடம் எழுத்தில் கேட்க வேண்டிய கேள்வி: "ஒப்பந்தக் காலத்துக்குள் எந்தெந்தக் கட்டணம் மாறலாம்? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்."

பாவனை வரம்பும் இங்கேதான் ஒளிந்திருக்கும். சொன்ன பாவனையிலிருந்து இத்தனை வீதத்துக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ வித்தியாசத்துக்குப் பணம் கேட்கலாம் என்ற பிரிவு பெரிய மீற்றர்களுக்குச் சாதாரணம், சிறிய கடைகளின் ஒப்பந்தத்திலும் சில நேரம் வரும். இரண்டு வருடத்துக்குள் சமையலறையை காஸிலிருந்து மின்சாரத்துக்கு மாற்றவோ, கூரையில் சூரியத் தகடு போடவோ எண்ணம் இருந்தால் இந்தப் பிரிவு இல்லாத ஒப்பந்தமே எடுக்க வேண்டும்.

கையொப்பமே இல்லாத ஒப்பந்தங்கள்

எதையும் தெரிவு செய்யாமல் விடுவதும் ஒரு தெரிவுதான், ஆகச் செலவான தெரிவு. இதில் இரண்டு வகை, பலரும் குழப்பிக்கொள்வது.

கடையின் திறப்பை வாங்கிய நாளில் அங்கே கறண்ட் இருந்தால், நீங்கள் எதுவும் கையொப்பமிடாமலே அந்த இணைப்பின் கம்பனியோடு டீம்ட் ஒப்பந்தத்தில் இருக்கிறீர்கள். விலை அதிகம், ஆனால் ஒரு நல்ல பக்கம் உண்டு: வெளியேறக் கட்டணம் இல்லை, வேறு ஒப்பந்தம் கிடைத்த உடனே போகலாம். மற்றது, ஃபிக்ஸ்ட் காலம் முடிந்தும் எதுவும் செய்யாமல் இருந்தால் விழும் காலம் கடந்த விலை. வழக்கமான விலையின் ஒன்றரை மடங்கு சாதாரணம். எங்கள் உதாரணக் கடை 24.9 இலிருந்து 40 பென்ஸுக்கு விழுந்தால் மாதத்துக்கு 500 பவுண் வீண். மூன்று மாதம் கடிதத்தைத் திறக்காமல் வைத்திருந்தால் அந்த வருடம் முழுக்க விலை தேடி மிச்சம் பிடித்தது போய்விடும்.

திறப்பு வாங்கிய அன்றே செய்ய வேண்டியது: மின் மீற்றரையும் காஸ் மீற்றரையும் திகதி தெரியப் படம் எடுப்பது, இணைப்பின் கம்பனி யாரென்று கண்டுபிடித்து லீஸ் பிரதியோடு அறிவிப்பது, அந்த வாரத்துக்குள்ளேயே விலை கேட்கத் தொடங்குவது. முன்னிருந்தவரின் கடன் உங்களுடையது இல்லை. ஆனால் நீங்கள் வந்த திகதியை நிரூபிக்க வேண்டியது நீங்கள். கடனிலிருந்து தப்ப அதே ஆட்கள் கம்பனிப் பெயரை மட்டும் மாற்றிப் 'புதிய குத்தகைக்காரர்' என்று அறிவிக்கும் தந்திரம் கம்பனிகளுக்கு நன்றாகப் பழக்கம். அதனால்தான் உண்மையாகவே புதிதாக வருகிறவரிடமும் லீஸ், கம்பனிப் பதிவு, உள்ளூராட்சி வரிக் கடிதம் என்று கேட்டு இழுத்தடிப்பார்கள். தாள்களைத் தயாராக வைத்திருந்தால் வேலை சுருங்கும்.

டீம்ட்டுக்கும் ஃபிக்ஸ்ட்டுக்கும் நடுவே, மாதாமாதம் மாறும் விலையும் உண்டு. ஆறு மாதத்துக்குள் கடையை விற்கப் போகிறவருக்கு, லீஸ் புதுப்பிப்பது நிச்சயமில்லாதவருக்கு அது பொருந்தும். மற்றவர்களுக்கு வேண்டாம்.

எத்தனை வருடம்

மின் ஒப்பந்தத்தின் காலத்தைத் தீர்மானிக்க வேண்டியது சந்தை இல்லை, லீஸ். லீஸில் இரண்டு வருடத்தில் வெளியேறும் பிரிவு இருக்கும்போது ஐந்து வருட மின் ஒப்பந்தம் போடுவது வீண் சிக்கல். இடையில் விலகுவது என்ற வழியே பெரும்பாலும் கிடையாது: நீங்கள் வேறு கம்பனிக்குப் போக முயன்றால், ஒப்பந்தம் ஓடுகிறது என்று சொல்லிப் பழைய கம்பனி மறுப்பைப் பதிவு செய்து மாற்றத்தை நிறுத்திவிடும். நிலுவைப் பணம் இருந்தாலும் அப்படியே. கடையைக் கைமாற்றும்போது ஒப்பந்தம் எப்படி முடிகிறது, கட்டணம் உண்டா என்பது கம்பனிக்குக் கம்பனி வேறு. லிமிற்றட் கம்பனியின் பங்குகளையே விற்றால் ஒப்பந்தமும் அதோடு சேர்ந்து புதிய உரிமையாளருக்குப் போகும்; வாங்குகிறவர் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீண்ட ஒப்பந்தம் உறுதியான கவசமும் இல்லை. 2021, 2022 நெருக்கடியில் ஏறத்தாழ 30 மின், காஸ் கம்பனிகள் மூடின. கம்பனி விழுந்தால் கறண்ட் நிற்காது, ஒஃப்ஜெம் வேறொரு கம்பனிக்கு மாற்றிவிடும். ஆனால் உங்கள் ஃபிக்ஸ்ட் விலை அன்றோடு போய்விடும், புதிய இடத்தில் டீம்ட் விலை. ஆக, மிகப் புதிய கம்பனி ஒன்று மற்ற எல்லோரையும்விட 15 வீதம் மலிவாக நான்கு வருடம் தருகிறேன் என்றால் அந்த மலிவுக்கு என்ன உத்தரவாதம் என்று யோசிக்க வேண்டும்.

ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருட விலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வாங்கிப் பாருங்கள். மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் இரண்டு வருடம் எங்கள் தெரிவு: ஒவ்வொரு வருடமும் இந்தத் தலையிடி இல்லை, ஐந்து வருடம் மாட்டிக்கொண்டதும் இல்லை. சந்தை உச்சத்தில் இருக்கும்போது மூன்று வருடத்துக்குப் பூட்டுவது 2022 இறுதியில் பல கடைகளுக்கு நடந்தது. அவர்கள் 2024-இலும் உக்ரெய்ன் யுத்தகால விலை கட்டினார்கள், அதற்குள் பக்கத்துக் கடைக்கு விலை இறங்கியிருந்தது. விலை வழமைக்கு மாறாக ஏறி நிற்கும் காலத்தில் ஒரு வருடம்தான் சரி.

ஒப்பந்தத்தின் நடுவில் "இப்போதே விலையைக் குறைக்கிறோம், இன்னும் இரண்டு வருடம் நீட்டுங்கள்" என்று ஒரு அழைப்பு வரும். தள்ளுபடி என்று எதுவும் அதில் இல்லை. மீதிக் காலத்தின் பழைய விலையையும் நீட்டும் காலத்தின் புதிய விலையையும் கலந்து சராசரி எடுத்திருக்கிறார்கள். இன்றைய சந்தையின் இரண்டு வருட விலை தெரிந்தால் அந்தச் சராசரியை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

இரவு விலை யாருக்கு

04 வகை மீற்றரில் பொதுவாக இரவில் ஏழு மணித்தியாலம் மலிவு விலை. பகல் 26.2, இரவு 19.4 என்றும், ஒரே விலை 24.9 என்றும் வைத்தால், மொத்தப் பாவனையில் 19 வீதத்துக்கு மேல் இரவில் எரிக்கிறவருக்கு இரண்டு விலை இலாபம். சில்லரும் ஃபிரீசரும் நிறைந்த கடை இதைச் சுலபமாகத் தாண்டும். பேக்கரி நிச்சயமாகத் தாண்டும். மதியமும் இரவும் சமைக்கும் உணவகத்துக்கு எரிவதெல்லாம் ஆள் வரும் நேரத்தில்தான், ஒரே விலையே நல்லது. பெரிய அரைமணி மீற்றர் உள்ளவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: விநியோகக் கட்டணத்தின் சிவப்பு நேரம், அதாவது ஆகக் கூடிய கட்டண நேரம், பல பிரதேசங்களில் வார நாட்களில் மாலை 4 முதல் 7 வரை, மத்திய இலண்டனில் மதியம் 11 முதல் 2 வரையும் சேரும்.

இரண்டு விலை மீற்றரில் அடிக்கடி நடக்கும் பிழை, பகல் வாசிப்பு இரவுக்கும் இரவு வாசிப்பு பகலுக்கும் மாறிப் பதிவாவது. முதல் பில் வந்ததும் எந்த எண் வேகமாக ஏறுகிறது என்று மீற்றரிலேயே பார்த்துவிடுங்கள்.

புரோக்கரின் பங்கு

புரோக்கர் 'இலவசம்' என்பார். அவருடைய கூலி உங்கள் யூனிற் விலைக்குள் இருக்கிறது. யூனிற்றுக்கு 1 பென்ஸ் ஏற்றினால் எங்கள் உதாரணக் கடையில் மூன்று வருடத்துக்கு 1,200 பவுண். 3 பென்ஸ், ஐந்து வருடம் என்றால் 6,000. நீண்ட ஒப்பந்தத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார் என்பதற்கு இந்தப் பெருக்கலைத் தவிர வேறு விளக்கம் தேவையில்லை. நம் ஊர்க்காரர், தமிழில் கதைக்கிறார், "அண்ணை, உங்களுக்காகத்தான் இந்த விலை" என்கிறார் என்பதெல்லாம் கணக்கை மாற்றாது.

இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. 2022 ஒக்ரோபரிலிருந்து மைக்ரோ பிஸ்னஸ்களுக்கும் (மிகச் சிறிய வியாபாரங்கள், வரையறை கடைசிப் பகுதியில்), 2024 ஒக்ரோபரிலிருந்து எல்லா வியாபாரங்களுக்கும் புரோக்கரின் கொமிஷன் ஒப்பந்தத்தில் காட்டப்பட வேண்டும். 'யூனிற்றுக்கு எத்தனை பென்ஸ், மொத்தம் எத்தனை பவுண்' என்று இரண்டையும் கேளுங்கள். சிறு வியாபாரங்களோடு வேலை செய்யும் புரோக்கர் பிணக்குத் தீர்க்கும் திட்டம் ஒன்றில் பதிந்திருக்கவும் வேண்டும், பதிவைக் கேட்டுப் பாருங்கள். 'லெற்றர் ஒஃப் ஒதோரிற்றி' என்ற அதிகாரம் கொடுக்கும் தாளில் கையொப்பமிட முன் ஒரு வரியைப் படியுங்கள்: விலை கேட்க மட்டும் அனுமதியா, உங்கள் சார்பில் ஒப்பந்தம் செய்யவும் அனுமதியா? இரண்டாவதை வெட்டிவிட்டு, ஆறு மாதம் மட்டும் செல்லும் என்று எழுதிக் கொடுக்கலாம்.

புரோக்கர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சில கம்பனிகள் சிறிய கடைக்கு நேரடியாக நல்ல விலை தருவதில்லை, பத்துக் கடை வைத்திருப்பவருக்கு நல்ல புரோக்கர் உண்மையாகவே மிச்சம் பிடித்துத் தருவார். அவர் தரும் விலைக்குப் பக்கத்தில், நீங்களே நேரடியாகக் கேட்ட இரண்டு கம்பனியின் விலை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வரிகள், மேல் வீடு, காஸ்

மேலே போட்ட தொகைகளில் வரி இல்லை. காலநிலை மாற்ற வரி ஏப்ரலுக்கு ஏப்ரல் மாறும்; 2025 ஏப்ரலில் அது மின்சாரத்துக்கும் காஸுக்கும் யூனிற்றுக்கு 0.801 பென்ஸாக இருந்தது. அந்தக் கணக்கில் எங்கள் கடைக்கு 320 பவுண். அதையும் சேர்த்த தொகைக்கு மேல் 20 வீதம் வற். ஆ ஒப்பந்தத்தின் 10,042 பவுண் கடைசியில் 12,435 ஆகிறது. வற் பதிவுள்ளவர் அதைத் திருப்பி எடுப்பார். பதிவில்லாதவருக்கு அது செலவேதான், ஆகவே ஒப்பீட்டையும் அவர் வரியோடு செய்ய வேண்டும்.

இரண்டு விலக்கு உண்டு, பலர் கேட்காமலே விடுவது. மின் பாவனை நாளுக்குச் சராசரி 33 யூனிற்றுக்குக் குறைவு என்றால் வற் 5 வீதம், காலநிலை வரி இல்லை. கடையும் வீடும் ஒரே மீற்றரில் இருந்து, பாவனையில் 60 வீதமோ கூடவோ வீட்டுக்கு என்றால் முழுப் பில்லுக்கும் 5 வீதம். 60 இற்குக் குறைவு என்றால் வீட்டுப் பங்குக்கு மட்டும். இதற்கு வற் சான்றுப் படிவம் ஒன்றை நிரப்பிக் கம்பனிக்குக் கொடுக்க வேண்டும். மேல் பிளற்றுக்குத் தனி மீற்றர் இருந்தால் அதைக் கடை ஒப்பந்தத்துக்குள் சேர்க்கவே விடாதீர்கள். வீட்டு விலை உச்சவரம்பை இழப்பீர்கள்.

காஸ் ஒப்பந்தத்துக்கும் இதே கணக்குத்தான், ஒரு எச்சரிக்கை மட்டும் கூட. காஸ் மீற்றர் கன அளவைக் காட்டும், பில் யூனிற்றில் வரும். கன மீற்றரை 1.02264 ஆல் பெருக்கி, பில்லில் உள்ள கலோரிப் பெறுமதியால் (காஸின் வெப்ப அளவு) பெருக்கி, 3.6 ஆல் வகுக்க வேண்டும். கலோரிப் பெறுமதி 39.5 என்றால் 100 கன மீற்றர் 1,122 யூனிற். நூறு கன அடிகளில் எண்ணும் பழைய கன அடி மீற்றர் என்றால் முதலில் 2.83 ஆலும் பெருக்க வேண்டும். கன மீற்றரில் ஓடும் மீற்றரைக் கம்பனி கன அடி என்று பதிந்திருந்தால் பில் கிட்டத்தட்ட மூன்று மடங்காக வரும். ரேக்அவே ஒன்றின் காஸ் பில் நம்ப முடியாத அளவுக்கு இருந்தால் விலையைக் குறை சொல்வதற்கு முன் மீற்றரின் முகத்தில் என்ன அலகு எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

காலக் கணக்கு

நீங்கள் மைக்ரோ பிஸ்னஸா என்று தெரிந்துகொள்வது உதவும். ஆண்டுக்கு 100,000 யூனிற்றுக்கு மேல் மின்சாரமோ 293,000 யூனிற்றுக்கு மேல் காஸோ எரிக்காவிட்டால் அதுவே போதும். அல்லது பத்துக்குக் குறைந்த பணியாளரும் 20 இலட்சம் யூரோவுக்கு மேற்படாத வருமானமும் இருக்க வேண்டும். எங்கள் உதாரணக் கடை பாவனையாலேயே தகுதி பெறும். அப்படியென்றால் ஒப்பந்தம் முடிய ஏறத்தாழ 60 நாளுக்கு முன் கம்பனி புதுப்பிக்கும் விலையை அனுப்ப வேண்டும். விலகும் அறிவித்தல் கொடுக்கவில்லை என்று உங்களைப் பிடித்து வைக்க முடியாது. 12 மாதத்துக்கு மேற்பட்ட பழைய பாவனைக்கு, பிழை கம்பனியுடையது என்றால், பின்கணக்குப் போட முடியாது. முறைப்பாடு எட்டு வாரத்தில் தீராவிட்டால், பிணக்குகளை விசாரிக்கும் சுயாதீன அமைப்பான எனெர்ஜி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். 2024 டிசெம்பரிலிருந்து 50 பேருக்குக் குறைந்த சிறு வியாபாரங்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது.

60 நாள் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். பல கம்பனிகள் ஒரு வருடம் முன்பே விலையைப் பூட்ட விடும். முடிவுத் திகதிக்கு ஆறு மாதம், நான்கு மாதம், இரண்டு மாதம் முன்பு என மூன்று தடவை விலை கேட்டு எழுதி வைத்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். அடிமட்டத்தைப் பிடிக்க முயல்கிறவர்கள் பெரும்பாலும் காலம் கடந்த விலையில்தான் போய் நிற்கிறார்கள். தரும் விலைகளுக்கு ஆயுள் ஒரு நாள், சில வேளை அதே நாள் பின்னேரம் வரைதான். எனவே நிபந்தனைகளை முதல் தடவை கேட்கும்போதே வாங்கிப் படித்து முடித்திருக்க வேண்டும்.

தெரிவு செய்தபின் கம்பனி மாற ஐந்து வேலை நாள் போதும். மாறும் முன் பழைய கம்பனியின் நிலுவையைக் கட்டிவிடுங்கள், மறுப்புக்கு அதுவே முதல் காரணம். மாறும் நாளில் மீற்றரைப் படம் எடுத்து இரண்டு கம்பனிக்கும் ஒரே வாசிப்பை அனுப்புங்கள். முதல் பில் வந்ததும் நான்கு எண்களை ஒப்பந்தத்தோடு ஒத்துப் பாருங்கள்: தொடக்க வாசிப்பு, யூனிற் விலை, ஸ்ராண்டிங் சார்ஜ், முடிவுத் திகதி. டிரெக்ட் டெபிற் ஓடத் தொடங்கவில்லை என்பதற்காக விலையை ஏற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பிழை இருந்தால் அதே வாரம் மின்னஞ்சலில் எழுதுங்கள், தொலைபேசியில் மட்டும் சொல்லி விடாதீர்கள்.